பன்னிரண்டாவது ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குச் செய்தி வந்தபோது ருதைனா வழக்கம்போலப் பச்சைப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஸால்ட் ஊரின் மலைச்சரிவில் மூன்றாம் மாடிச் சமையலறை. மேசைமேல் லேப்டாப். இடது கையில் மரமிய்யா இலை போட்ட தேநீர். வலது ஆள்காட்டி விரல் திரையின் ஓரத்தில் மேலிருந்து கீழே இறங்கும். பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தால், அந்த ஆள் தன் வீட்டில் வேலைக்கு உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். எண்ணி முடித்ததும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கேள்வியை எழுதுவாள்: "இருக்கீங்களா, இல்ல பேருக்கு இருக்கீங்களா?"

நவ்ராஸின் புள்ளி வியாழக்கிழமையிலிருந்து அணையவே இல்லை. வெள்ளி, சனி விடுமுறையிலும் எரிந்துகொண்டிருந்தது. அவனுக்கு மட்டும் தனியாக எழுதினாள்: "கண்ணு, மூணு நாளா விளக்கு எரியுது. ஆள் எங்க?"

பதில் அவன் எண்ணிலிருந்துதான் வந்தது. "நான் அவனோட தங்கச்சி. வியாழக்கிழமை மூணு மணிக்கு அண்ணன் இறந்துட்டான். நெஞ்சுவலி. மாடிப்படியிலயே விழுந்துட்டான். இன்னிக்கு ராத்திரித் தொழுகையோட துக்கம் முடியுது. அவனுக்காக வேண்டிக்குங்க. இனிமே இதுல எதுவும் எழுதாதீங்க."

ருதைனா அடுத்தடுத்து எழுதிய மூன்று வரிகளும் ஒற்றை டிக்கோடு நின்றன. போனை அணைத்துவிட்டார்கள்.

அவள் தேநீரைக் கீழே வைக்கவில்லை. ஆறும்வரை கையிலேயே பிடித்திருந்தாள். ஏழு வருடம் கூட வேலை பார்த்தவன், முப்பத்திரண்டு வயது. வடக்கே இர்பித் ஊரில் இருக்கிறான் என்பது தெரியும். இர்பிதில் எங்கே என்பது தெரியாது.

இது அவளுக்கு இரட்டை வெட்கம். ஏனென்றால் அவர்கள் பிழைப்பே விலாசம்தான். பொட்டலம் அனுப்புகிற கம்பெனிகளுக்காக, ஜனங்கள் எழுதித் தரும் விலாசங்களைப் படித்துப் புரிந்துகொண்டு வரைபடத்தில் சரியான வீட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். 'பேக்கரிக்குப் பின்னால், நீலக் கதவு, மணி அடிக்காது, கத்திக் கூப்பிடவும்' என்று எழுதியிருப்பார்கள். 'ஹஜ்ஜியின் வீடு எது என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்' என்று எழுதியிருப்பார்கள். ஸால்ட், ஸர்க்கா, அம்மான், அலெக்ஸாந்திரியா, ஸ்பாக்ஸ் என்று ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்து, ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முன்பின் தெரியாதவர்களின் வாசலைக் கண்டுபிடிப்பார்கள். அவர்களில் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதித்ததில்லை.

ருதைனாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இதற்கு முன்னால் பதினைந்து வருடம் பெண்கள் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருந்தாள். வருகைப் பதிவேடு எடுத்துப் பழகிய கை. வெறும் திரையைப் பார்த்து வேலை செய்வது அந்தக் கைக்குப் பொறுக்கவில்லை. பள்ளியை விட்டு வரும்போது எழுதாமல் மிஞ்சிய பதிவேடு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதில் பன்னிரண்டு பெயர்களையும் எழுதி, யாருக்குப் பல் வலி, யாருடைய மகளுக்குப் பரீட்சை, யார் வீட்டில் தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்று கட்டம் கட்டமாகக் குறித்துக்கொள்வாள். மறதிக்காரி என்பதால்தான் எழுதுகிறேன் என்பாள். எதையும் மறந்து யாரும் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை நாலு மணித் தேநீரைத் தொடங்கி வைத்ததும் அவள்தான். அரை மணி நேரம். எல்லோரும் முகம் காட்ட வேண்டும், கையில் குடிக்க ஏதாவது இருக்க வேண்டும், வேலை பேசக் கூடாது. வாரம் ஒரு கேள்வி அவள் போடுவாள். 'உங்க வீட்டுல என்ன வாசனை வருது?' 'காலையில உங்களை எழுப்புற சத்தம் எது?' 'தெருவிலிருந்து வீட்டுக்கு எத்தனை படி?' சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

ஸர்க்காவிலிருந்து தஹ்ஸீன் வாராவாரம் முனகுவார். ஐம்பத்தைந்து வயதுக்காரர், குழுவிலேயே மூத்தவர். ருதைனாவை அவள் மகன் யஸன் பெயரால் உம்மு யஸன் என்றுதான் கூப்பிடுவார். "உம்மு யஸன், வேலை செஞ்சே முதுகு போச்சு. இதுல விளையாட வேற செய்யணுமா? நான் என்ன நர்சரியிலயா சேர்ந்தேன்?"

"முனகுறதையாவது முகத்தைக் காட்டி முனகுங்க அண்ணே. கேமராவை ஏன் கூரைக்குத் திருப்பி வச்சிருக்கீங்க?"

"முகத்தைப் பார்த்தா உனக்கு டீ இறங்காது."

ஸ்பாக்ஸில் அப்போது மணி இரண்டு. மொங்கி சாப்பாட்டு நேரத்தில் வந்து உட்காருவான். சூரை மீனும் காரத் துவையலும் அடைத்த ரொட்டியை எல்லோர் கண்ணெதிரிலும் கடித்துக்கொண்டே, பதிலைப் பாதியில் விழுங்குவான். நவ்ராஸ் அதிகம் பேச மாட்டான். அவனுக்குப் பின்னால் எப்போதும் கணினி வரைந்த நீலக் கடல். நீலக் கைப்பிடி வைத்த கோப்பையை அந்தக் கடலுக்குக் குறுக்கே தூக்கிக் காட்டுவான். சரியாக ஒரு வரியில் பதில் சொல்வான். அந்த ஒரு வரிக்குத்தான் தஹ்ஸீன் சிரிப்பார்.

அம்மானில் இருக்கும் மேலாளர் லபீப் மாதக் கடைசியில் கூப்பிடுவார். நல்ல மனிதர், குரலை உயர்த்த மாட்டார். "அரை மணி, பன்னிரண்டு பேர். ஆறு மணி நேரம் ஆச்சு இல்லியா? அதுல எத்தனை விலாசம் முடிச்சிருக்கலாம்னு பாருங்க. இதனால என்ன கிடைக்குதுன்னு எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க, மேல காட்டணும்."

ருதைனா அந்த ஒரு வரியை எழுத உட்காருவாள். எழுத வராது. கார் பேட்டரிக் கடையை அடைத்துவிட்டு வரும் கணவர் அபூ யஸன் அதைப் பார்த்துக்கொண்டே காலுறையைக் கழற்றுவார். "வீட்டுல மனுஷன் இருக்கான். இவ பொட்டியோட உட்கார்ந்து டீ குடிக்கிறா. அதுக்குக் காரணம் வேற எழுதணுமாம்."

அவளுக்கும் அலுப்புதான். சில வியாழன்களில் நாலு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, செருப்பை மாட்டுவதுபோலச் சிரிப்பை மாட்டிக்கொண்டு வருவாள். நாலரைக்குத் திரையை மூடியதும் முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொள்வாள். பாதிப் பேர் அரைத் தூக்கத்தில் இருந்திருப்பார்கள். ஒருத்தி முழு நேரமும் கீரை ஆய்ந்திருப்பாள். இருந்தும் அடுத்த வாரக் கேள்வியை அன்றைக்கே யோசிக்கத் தொடங்கிவிடுவாள்.

கடைசியாகப் போட்ட கேள்வி ஜன்னல். ஒவ்வொருவரும் தான் வேலை செய்யும் இடத்து ஜன்னலைப் படம் எடுத்து அவளுக்கு மட்டும் அனுப்ப வேண்டும். ஒரே தாளில் பன்னிரண்டு கட்டம் கட்டி ஒட்டுவாள், யாருடையது எது என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பதினொன்று வந்துவிட்டன. நவ்ராஸுடையது மட்டும் வரவில்லை. போன திங்களன்று கேட்டாள். செவ்வாயன்று கேட்டாள். புதன்கிழமை எல்லோர் முன்னிலையிலும் எழுதினாள்: "கண்ணு, உங்க வீட்டுல ஜன்னலே இல்லியா?" தஹ்ஸீன் உடனே சேர்ந்துகொண்டார்: "கடலுக்குள்ள இருக்கான், ஜன்னலைத் திறந்தா தண்ணி வந்துரும்." நவ்ராஸ் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டான்.

வியாழன் நாலு மணிக்கு அவன் வரவில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. இருந்துகொண்டே வராமல் ஏமாற்றுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ருதைனா எழுதினாள்: "விளக்கு மட்டும் வேலை பார்க்குது, ஆள் தூங்குறான். அபராதம் ஒரு தட்டு குனாஃபா இனிப்பு." அதற்குக் கீழே ஒன்பது பேர் ஆளுக்கொன்று எழுதினார்கள். மொங்கி கொர்ர் என்று குறட்டை விடும் படம் அனுப்பினான். அப்போது நவ்ராஸ் இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. போன் ஆஸ்பத்திரியில், அவன் தங்கையின் கைப்பையில் இருந்திருக்கும்.

இதெல்லாம் அந்த ஆறிய தேநீரோடு உட்கார்ந்திருந்தபோது ஒவ்வொன்றாக அவளுக்கு வந்து சேர்ந்தது. ஒன்பதே முக்காலுக்கு எல்லோரையும் திரைக்குக் கூப்பிட்டாள். கேள்வி எதுவும் போடாமல் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. செய்தியைச் சொன்னாள். மொங்கியின் கையில் ரொட்டி இல்லை. தஹ்ஸீன் கேமராவைக் கூரையிலிருந்து இறக்கித் தன் முகத்துக்குத் திருப்பினார்.

பிறகு தஹ்ஸீன்தான் கேட்டார். "மூணாவது நாள். அவன் வேலை பார்த்த இடத்துலேர்ந்து யாரு போயிருக்கா?"

யாரும் போகவில்லை. துக்க வீட்டில் முதல் நாள் சொந்தம் வரும், அடுத்த நாள் தெரு வரும், செத்தவரோடு வேலை பார்த்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து வந்து ஒரு வரிசை நாற்காலியை நிரப்புவார்கள். அந்த வரிசை காலியாக இருந்தால் வீட்டுக்காரர் அதைப் பார்ப்பார். வந்தவர்களும் பார்ப்பார்கள். நவ்ராஸின் குடும்பம் போரில் எல்லையைத் தாண்டி ஹவ்ரானிலிருந்து வந்தது. துக்கம் ஏற்க அவர்களுக்கு இங்கே குலத்து மண்டபம் கிடையாது. பத்திரிகையில் அறிவிப்பு போடச் சொந்தமும் கிடையாது. ராத்திரித் தொழுகை முடிந்ததும் நாற்காலிகளை மடித்துவிடுவார்கள்.

லபீப் கோப்பில் இருந்த விலாசத்தை அனுப்பினார். ருதைனா அந்தக் கட்டடத்துக்காரரைக் கூப்பிட்டாள். அவர்கள் காலிசெய்து மூன்று வருடம் ஆகிறது, எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார்.

"நம்ம ஆள் விலாசமே நம்மகிட்ட தப்பா இருக்கு," என்றார் தஹ்ஸீன். கேலியாக ஆரம்பித்த குரல் பாதியிலேயே விழுந்துவிட்டது.

ருதைனா எழுந்துபோய்ப் பதிவேட்டை எடுத்து வந்தாள். நவ்ராஸின் வரிசையில் விரலை வைத்தாள். "சொல்றேன், வரைபடத்துல போட்டுக்கிட்டே வாங்க. வாசனை: மத்தியானம் வரைக்கும் காபி வறுக்கிற வாசனை, அப்புறம் டயர் ரப்பர்."

"அப்போ காபி வறுக்கிற கடையும் டயர்க் கடையும் பக்கத்துல பக்கத்துல," என்றான் மொங்கி. அவன் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகையில் இருந்தன.

"எழுப்புற சத்தம்: பாங்கு சொல்றதுக்கு முன்னாடி ஒருத்தர் மைக்குல இருமுவாரு. அப்புறம் பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூட மணி. தெருவிலேர்ந்து வீட்டுக்கு நாப்பத்தேழு படி."

"கேஸ் சிலிண்டர் வண்டி," என்றான் மொங்கி. "அவன் பேசுறப்ப கேஸ் வண்டிப் பாட்டு வரும் இல்ல? எங்க சந்துக்குள்ள வந்துட்டா திருப்ப எடமில்லாம ரிவர்ஸ்லதான் வெளிய போகணும், பாட்டு ரெண்டு தடவை கேட்கணும்னு சொல்லுவான்."

"முட்டுச் சந்து," என்றார் தஹ்ஸீன்.

"முட்டுச் சந்து, சரிவுல. படிக்கட்டுன்னா சரிவுதான்."

அடுத்த நாற்பது நிமிடம் அவர்கள் தினமும் செய்கிற வேலையைத்தான் செய்தார்கள். யாரும் துக்கம் பேசவில்லை. இர்பிதில் டயர்க் கடைக்குப் பக்கத்தில் காபி வறுக்கும் கடைகள் மூன்று. அதில் பெண்கள் பள்ளிக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பது இரண்டு. அதில் ஒன்றுக்குப் பின்னால் சமதரை, படிக்கட்டுக்கு வழியில்லை. மிஞ்சிய கடையின் எண்ணைத் தேடி எடுத்து தஹ்ஸீன் கூப்பிட்டார். எல்லோர் காதிலும் விழும்படி வைத்தார்.

"ஐயா, உங்க கடைக்குப் பக்கத்துல துக்க வீடு ஏதாவது இருக்கா?"

"இருக்கே. பின்னாடி சந்துல, படியேறிப் போகணும். ஹவ்ரான்காரங்க. பாவம், சின்னப் பையன். தினம் மூணு மணிக்கு ரொட்டி வாங்க இறங்குவான். நீங்க யாரு, சொந்தமா?"

"அவனோட உட்கார்றவங்க," என்றார் தஹ்ஸீன்.

ருதைனா பேட்டரிக் கடைக்குப் போனபோது அபூ யஸன் ஒரு வண்டியின் அடியில் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தார். கையைத் துடைத்தார், ஷட்டரை இழுத்து மூடினார். பொட்டியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இர்பித் போகும் வழியில் ஜெரஷ் ஊரைத் தாண்டும்போது மட்டும், "ஏழு வருஷத்துல நீ அவனைப் பார்த்ததேயில்லியா?" என்று கேட்டார்.

"வாராவாரம் பார்த்தேன்."

அவர் வண்டியின் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

காபிக் கடை வாசலில் தஹ்ஸீன் காத்திருந்தார். திரையில் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கையில் வறுத்த காபிக்கொட்டைப் பை. அம்மானிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கை குலுக்கியபோது யாருக்கும் யார் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று தெரியவில்லை. படியேறும்போது ருதைனா எண்ணினாள். முழங்கால் வலிக்கு நடுவில் நின்று நின்று எண்ணினாள். நாற்பத்தேழு.

ஆண்களை எதிர் வீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பாதி காலி. நவ்ராஸின் தந்தை வாசலுக்கு வந்தார். மெலிந்த மனிதர், சட்டையின் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஊர் அவரை மகன் பெயரால் அபூ நவ்ராஸ் என்றுதான் கூப்பிடும். இனியும் அப்படித்தான் கூப்பிடும்.

"அல்லாஹ் அவன்மேல இரக்கம் வைக்கட்டும்," என்றார் தஹ்ஸீன். "நாங்க நவ்ராஸோட வேலை பார்க்குறவங்க."

பெரியவருக்கு முதலில் புரியவில்லை. "எந்த வேலை?"

"விலாச வேலை, மாமா. கம்ப்யூட்டர்ல."

"நெஜமாவே ஆளுங்க இருக்கீங்களா?" அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "நேத்து ஒருத்தர் கேட்டாரு, உன் பையன் எங்க வேலை பார்த்தான், அங்கேர்ந்து யாரும் வரலியேன்னு. நான் என்ன சொல்லுவேன்? அறைக்குள்ள தனியா உட்கார்ந்து பேசுவான், சிரிப்பான். யார்கூடன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ருதைனா பெண்கள் பக்கம் போகவிருந்தவள் நின்றாள். வர முடியாதவர்களின் பெயர்களை ஊரோடு சேர்த்துச் சொன்னாள். அலெக்ஸாந்திரியா என்றபோது பெரியவர் தலையாட்டினார். ஸ்பாக்ஸ் என்றபோது அது எங்கே என்று கேட்டார்.

"துனீசியா, மாமா. கடலோர ஊர். மொங்கின்னு பேரு. தன் பேரையும் சொல்லச் சொன்னான்."

"துனீசியால என் பையனைத் தெரியுமா?" என்றார். திரும்பி, உள்ளே உட்கார்ந்திருந்த அண்டை வீட்டுக்காரரிடம் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னார்: "துனீசியாலேர்ந்து சொல்லி அனுப்பியிருக்காங்க." தஹ்ஸீனும் மற்றவர்களும் உள்ளே போய் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். சர்க்கரை இல்லாத காபி வந்தது.

பெண்கள் இருந்த அறையில் தங்கை ஸவ்ஸன் ருதைனாவின் குரலை முதல் வார்த்தையிலேயே பிடித்துக்கொண்டாள். "நீங்கதானே கண்ணுன்னு கூப்பிடுறவங்க? சுவத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்."

ருதைனா தலையாட்டினாள்.

"குனாஃபான்னு எழுதினதும் நீங்கதான்."

"நான்தான்."

ஸவ்ஸன் அவளைப் பார்த்தாள். அழுது அழுது கண்கள் சின்னதாகப் போயிருந்தன. "எனக்கு உங்க மேல அவ்வளவு ஆத்திரம். ஆஸ்பத்திரியில நின்னு அதைப் படிச்சேன்," என்றாள். பிறகு எழுந்தாள். "வாங்க."

மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை. முன்பு சாமான் போட்டு வைத்த இடமாக இருக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நீலக் கைப்பிடிக் கோப்பை. கோப்பையின் அடியில் தேநீர் காய்ந்து வட்டமாகப் படிந்திருந்தது. லேப்டாப்பை யாரும் அணைக்கவில்லை. நாலு பக்கமும் சுவர். ருதைனா ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள்.

"இங்க ஜன்னல் இல்ல," என்றாள் ஸவ்ஸன். "எனக்கு நல்ல அறையைக் குடுத்துட்டு இவன் இங்க வந்துட்டான்."

ருதைனா ஸவ்ஸனிடம் திரும்பினாள். "நான் எல்லார் முன்னாடியும் கேட்டேன்."

"தெரியும். புதன்கிழமை அதைப் படிச்சுட்டு எங்கிட்டதான் வந்தான். 'உன் ஜன்னலைக் கொஞ்சம் கடன் குடு, எங்க உம்மு யஸன் விட மாட்டா'ன்னான். நின்னு நாலு படம் எடுத்தான். எதிர் வீட்டுத் துணிதான் தெரியுது, நல்லா இல்லன்னான். வியாழக்கிழமை எதிர் வீட்டு அம்மாகிட்டப் போய்க் கொடியைக் காலி பண்ணச் சொல்லி வேற கேட்டுட்டு வந்தான். வெயில் சாஞ்சா மலை நல்லாத் தெரியும், ரொட்டி வாங்கிட்டு வந்து எடுத்துடுறேன், நாலு மணிக்கு டீ இருக்குன்னான்." அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு எடுத்தாள். "வியாழக்கிழமைன்னா சட்டை மாத்திக்குவான், அக்கா."

தன் அறைக்கு அழைத்துப்போய் ஜன்னல் திரைச்சீலையை விலக்கினாள். எதிர் வீட்டுக் கொடி வெறுமனே கிடந்தது. மூன்று நாளாக அந்த அம்மாள் அதில் துணி போடவில்லை. கொடிக்கு அப்பால் வெயில் சாய்ந்து, வடக்கே ஹவ்ரான் பக்கத்துச் சமவெளியும் அதற்கப்பால் ஒரு மலையும் தெளிவாகத் தெரிந்தன.

"நீங்க எடுத்துக்குங்க," என்றாள் ஸவ்ஸன். "அவனோடதுன்னு போடுங்க."

ருதைனா பையிலிருந்து போனை எடுத்தாள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். பிறகு திரைச்சீலையைத் திரும்ப இழுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு லபீப் அந்த ஆறு மணி நேரத்தைப் பற்றிப் பேசவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை நாலு மணிக்கு ருதைனா இப்போதும் தேநீரோடு வந்து உட்காருகிறாள். தஹ்ஸீன் முனகுகிறார், முகம் காட்டி முனகுகிறார். புதுக் கேள்வி போடலாமே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள். முதல்ல ஜன்னல் முடியட்டும் என்கிறாள். தாளில் பதினொரு கட்டங்களில் படம் இருக்கிறது. பன்னிரண்டாவதில் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது.